கல்வாலி மேடம்

கரோல் பாக் மெட்ரோ நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் எந்திரத்துக்குள் போன மேடத்தின் கைப்பை மட்டும் வெளியே வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காவலர் அதை இரண்டு முறை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, "மேடம், உள்ளே என்ன?" என்று இந்தியில் கேட்டார்.

"பத்தர், பையா," என்றார் அவர். கல்.

"கல் எதற்கு?"

"பார்ப்பதற்கு."

காவலர் பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டியை எடுத்தார். கோழிமுட்டை அளவு. ஒரு பக்கம் கரும்பச்சைக் கண்ணாடிபோல மின்னியது. மறுபக்கம் பாகு பொங்கி உறைந்ததுபோலத் துளைகள். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. சேலை எடுக்க எங்களோடு வந்த என் மனைவி, "ஊர்ல எல்லாரும் பையில சீப்பு வச்சுப்பாங்க," என்று என் காதில் முணுமுணுத்தாள். கட்டி ஒரு காவலரிடமிருந்து இன்னொருவருக்குப் போய், மூன்றாமவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பார்த்த விதத்தில் இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியளா சார், கையில எடுத்துட்டா யாருக்கும் விட மனசு வராது."

அன்றைய என் நாட்குறிப்பில், "மெட்ரோ. கல். ஒன்பது நிமிடத் தாமதம்" என்று இருக்கிறது. நான் நாள் தவறாமல் குறிப்பு எழுதுகிறவன். தேதி, கிழமை, நேரம், நடந்தது, அவ்வளவுதான். அந்த நாட்களைப் புரட்டும்போது அவரைப் பற்றிய வரிகளில் முக்கால்வாசியில் 'பார்த்தார்' என்ற சொல் வருகிறது. திறந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், நுணுக்கிப் பார்த்தார்.

நான் தில்லித் தலைமை அலுவலகத்தில் தொழில்நுட்ப அறிக்கைகளைத் தொகுக்கும் பிரிவில் இருந்தேன், இன்றும் இருக்கிறேன். நகரத்தைத் தாண்டி ஹரியானாப் பக்கம் எங்களுக்கு ஒரு சோதனை நிலையம் இருந்தது. நிலக்கரியை எரிக்காமல் வாயுவாக மாற்றி, அந்த வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்க முடியுமா என்று பார்க்கும் இடம். அவர் அதன் பொறுப்பாளர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இருவருக்கும் அப்போது நாற்பதை ஒட்டிய வயது. தில்லியில் இருக்கிற தமிழர்கள் எல்லாரையும்போல நாங்களும் பாதி வாக்கியம் தமிழிலும் மீதி இந்தியிலும் பேசினோம்.

முதல் முறை அங்கே போனபோது, "சுருக்கமாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்று பேனாவைத் திறந்தேன்.

"இதுல சுருக்கம் என்ன இருக்கு? கரிக்கு முழுச் சாப்பாடு போட்டா எரிஞ்சிரும். அரைப்பட்டினி போட்டா வாயைத் திறந்து உள்ள உள்ளதையெல்லாம் சொல்லிரும்."

சாப்பாடு என்றால் காற்று. காற்றைக் குறைத்து, நீராவியையும் சேர்த்துக் கொடுத்தால், சூடான கரி முழுதாக எரியாமல் வாயுவாகும். அந்த வாயுவைத் தூசி நீக்கிக் கழுவி எரித்தால் சுழலியை ஓட்டலாம், வெளிவரும் சூட்டில் மறுபடி நீராவி எடுத்து இன்னொரு சுழலியையும் ஓட்டலாம். ஒரே கரியிலிருந்து கூடுதல் மின்சாரம். சிக்கல் எங்கள் கரியில் இருந்தது. அதில் சாம்பல் அதிகம். உலையில் சூடு குறைந்தால் வாயு சோகையாக வரும். சூடு கொஞ்சம் மிஞ்சினால் சாம்பல் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிடும். கல் அடியில் இருக்கும் சாம்பல் குழாயை அடைத்தால் உலையை நிறுத்த வேண்டியதுதான்.

நிலையத்தில் உலையின் வாயுவில் ஓடும் சின்ன ஜெனரேட்டர் ஒன்றை வைத்து, பலகையில் பன்னிரண்டு பல்புகளை எரிய விட்டிருந்தார்கள். பார்வையாளர்கள் எல்லாரும் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. கீழே, சாம்பல் விழும் தகரத் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார். கையுறையைக் கழற்றிவிட்டு, ஆறிய சாம்பலை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பார்.

"பல்பு எரியுதுல்ல மேடம், அதைப் பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அது எரியும். இன்னைக்கு எரியும். நாளைக்கு எரியுமான்னு இதுதான் சொல்லும்."

அந்தச் சாம்பலில் கட்டி தட்டுப்பட்டால், எந்த வேளையானாலும் அவரிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. ஊதுவிசிறிகளின் இரைச்சலில் 'கிளிங்கர்' என்ற ஆங்கிலச் சொல் காதில் விழாமல் போனது. ஆகவே அவர் ஹரியானாக்காரர்களுக்கும் பீஹார்க்காரர்களுக்கும் ஒரு தமிழ்ச் சொல்லைக் கற்றுக்கொடுத்திருந்தார்: கல்.

எல்லாச் சொல்லையும் விட்டு அதையா பிடித்தார் என்று எனக்கு அன்றே தோன்றியது. இந்தியில் 'கல்' என்றால் நேற்று. அதுவே நாளையும். வினைச்சொல்லைப் பார்த்துத்தான் எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஷிப்ட் ஆட்களுக்கு இது ஓயாத வேடிக்கை. "மேடம் ஜி, உங்க கல் இன்னைக்கு வருமா, கல் வருமா?" என்பார்கள். அவருக்கு அவர்கள் வைத்த பெயரே 'கல்வாலி மேடம்'. கல்லுக்காரி என்பது பொருள். புதிதாக வருகிறவர்கள், எல்லா வேலையையும் நாளைக்குத் தள்ளிப்போடுகிற அதிகாரி போலிருக்கிறது என்று நினைத்து சந்தோஷப்பட்டு, இரண்டே நாளில் தெளிந்துவிடுவார்கள்.

"ஒரு சொல்விளக்கப் பட்டியல் போட்டு முன்னால் ஒட்டுவோமே. பதிவேட்டில் நேற்று, நாளை என்று எழுதாமல் தேதியை எழுதச் சொன்னால் குழப்பமே வராது," என்றேன்.

"நீங்க டயரி எழுதுத ஆளு, அப்படித்தான் சொல்லுவிய. இங்க கல்லு வந்தா கத்தணும் சார். கத்துததுக்குப் பட்டியல் எதுக்கு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை சரோஜினி நகரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிட வந்தார். பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் பால்கனியிலிருந்து பார்த்தால் வந்துதான் இருந்தார். ஆனால் மாடி ஏறவில்லை. கீழே இஸ்திரி போடுகிறவரின் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, அவருடைய இஸ்திரிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, அடுப்புக்கரிச் சாம்பலை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர், "சட்டை ஏதாவது இருந்தா குடுங்க மேடம்," என்று பரிதாபமாகச் சொல்வது மேலே கேட்டது.

மேலே வந்தவர் கை கழுவிவிட்டு நேராகச் சமையலறைக்குள் போய், வெந்துகொண்டிருந்த இட்லிப் பானையைத் திறந்தார். நீராவி முழுக்கப் போய்விட்டது.

"ஐயோ, இன்னும் மூணு நிமிஷம் இருக்கு!" என்றாள் என் மனைவி.

"மூணு நிமிஷம் கெடக்கட்டும்மா. உள்ள எப்படி இருக்குன்னு தெரியாண்டாமா?"

அன்று இட்லி கல்லாகத்தான் வந்தது. மனைவி வேறு வழியில்லாமல் தோசைக்கு மாறினாள். "தோசைக்கல்லை எடுத்துட்டு வா," என்று எங்கள் மகளிடம் சொன்னாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த ஏழு வயதுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அம்மா, நேத்து நாம தோசையே பண்ணலையே. தோசை கல் எப்படி இருக்கும்?" என்றாள். அவள் காதில் அது 'நேற்றைய தோசை' என்று விழுந்திருந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தும் நிற்கவில்லை. இதையும் நான் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். எழுதி வைத்தும் எனக்கு உறைக்கவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அந்தக் குளிர்காலத்தில் நீண்ட சோதனை ஓட்டம் ஒன்று நடந்தது. உலையை இடைவிடாமல் பல நாட்கள் ஓட்டிக் காட்ட வேண்டும். கல் விழாமல் ஓடினால், இதே அமைப்பில் பல மடங்கு பெரிய உலை ஒன்றைக் கட்ட மேலிடக் குழு ஒப்புதல் தரும். அவருடைய மூன்று வருட உழைப்பு அந்த ஒப்புதலில் இருந்தது. எழுத்து வேலை என்னுடையது. பதிவேட்டைப் படித்து, அறிக்கை தொகுத்து, 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்திட வேண்டும்.

ஓட்டத்தின் கடைசி வாரத்தில் அவர் கிழக்கே, கரி வருகிற சுரங்கத்துக்குப் போயிருந்தார். நமக்கு அனுப்பும் கரியைக் குவியலின் மேலிருந்து அள்ளுகிறார்களா, அடியிலிருந்தா என்று நேரில் பார்க்க வேண்டுமாம். பதிவேட்டின் நகல்கள் என் மேசைக்கு வந்தன. ஒரு பக்கத்தில், ஷிப்ட் ஆபரேட்டரான ஒரு மூத்த ஹரியானாக்காரர் ஆங்கில எழுத்துகளில் இந்தி வாக்கியம் ஒன்றை எழுதியிருந்தார். சாம்பல் குழாய் என்று தலைப்பிட்டு, 'கல் நிகாலா. குழாய் சரி.'

நிகாலா என்றால் எடுத்தேன். நேற்று எடுத்தேன், குழாய் சரி. முந்தைய நாள் சாம்பல் வெளியேற்றப்பட்டது, குழாய் சீராக உள்ளது என்று அறிக்கையில் எழுதினேன். சுருக்கத்தில், ஓட்டம் முழுவதும் கட்டி எதுவும் உருவாகவில்லை என்று சேர்த்தேன். வரைவை அவருக்கு அனுப்பினேன். சுரங்கத்தில் இணையம் இல்லையோ என்னவோ, பதில் வரவில்லை. கெடு நாள் வந்தது. கையெழுத்திட்டு, தைத்து, குழு உறுப்பினர்களுக்கு அனுப்பிவிட்டேன்.

கூட்டம் ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. பத்து பத்துக்கு அவர் எங்கள் அலுவலக கேன்டீனுக்குள் வந்தார். பனிமூட்டத்தில் ஸ்வெட்டரெல்லாம் ஈரம். ரயிலை விட்டு இறங்கி நேரே நிலையத்துக்குப் போய், அங்கிருந்து வருகிறார். எதிரே உட்கார்ந்து, ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவை என் டீக்குப் பக்கத்தில் வைத்தார்.

"திறங்க."

சப்பாத்தி இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். ஒரு கல் இருந்தது. மெட்ரோவில் பார்த்ததைவிடப் பெரியது.

"எந்த ஓட்டத்தில் வந்தது?" என்றேன்.

"நீங்க கையெழுத்துப் போட்ட ஓட்டத்துலதான். ஆபரேட்டர் எனக்குன்னு அவர் சாப்பாட்டு டப்பாவுல பத்திரமா எடுத்து வச்சிருக்காரு. பதிவேட்டுலயும் எழுதியிருக்காரு. கல் நிகாலா."

நான் டீயைக் கீழே வைத்தேன். தமிழனான நான் அந்தச் சொல்லை இந்தியில் படித்திருந்தேன். ஹரியானாக்காரரான அவர் அதைத் தமிழில் எழுதியிருந்தார்.

"நீங்க படிச்சதுல தப்பு இல்ல சார்," என்றார் மேடம். "வார்த்தை நான் குடுத்தது. ஆனா குழாயில இருந்தது கல்லு."

எங்கள் பிரிவுத் தலைவர் கூட்டத்துக்குப் போகிற வழியில் எங்களைப் பார்த்து நின்றார். லக்னோக்காரர், நல்ல மனிதர், இந்தத் திட்டத்துக்காக நிறைய பேரிடம் நடையாய் நடந்தவர். விஷயத்தைச் சொன்னோம். டப்பாவை எட்டிப் பார்த்தார். மூன்று வருடத்தை ஒரு கல்லுக்காகக் குப்பையில் போட முடியாது, ஒப்புதல் வரட்டும், மற்றதை அப்புறம் பார்ப்போம் என்றார். "கல் தேக் லேங்கே." நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மேடம் எழுந்து நின்று, டப்பாவை இரண்டு கைகளாலும் நீட்டினார். "ஆஜ் தேக் லீஜியே, சார். கல் யஹீன் ஹை."

இன்றைக்கே பார்த்துவிடுங்கள், கல் இங்கேயேதான் இருக்கிறது. தலைவருக்கு அது 'நாளை இங்கேயே இருக்கிறது' என்று கேட்டிருக்கும். ஒரு கணம் குழம்பி, பிறகு புரிந்து, கூட்ட அறையைப் பார்த்து நடந்துவிட்டார்.

மணி பத்து நாற்பது. அவர் என் பக்கம் திரும்பினார். "வார்த்தை என்னோடது. கையெழுத்து உங்களோடது. நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?"

"நீங்க சொன்னா உங்க உலை போயிடும் மேடம்."

"நான் சொல்லாட்டியும் அது கல்லு விட்ட உலைதான்."

"நான் சொன்னா?"

"உங்க கையெழுத்து பொழைச்சுக்கிடும்."

அடுத்த வாரம் ஒரு திருத்தத் தாள் அனுப்பினால் போதாதா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்தேன். பதினேழாம் பக்கம், மூன்றாம் பத்தி தவறு, சுருக்கத்தின் கடைசி வரியும் தவறு என்றேன். நான் பதிவேட்டை மட்டும் படித்தேன், குழாயைப் பார்க்கவில்லை என்றேன். டப்பா மேசையைச் சுற்றி வந்தது. மெட்ரோ காவலர்களைப் போலவே ஒவ்வொருவரும் கல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட சொல்லை உலைக்கூடத்தில் புழக்கத்தில் விட்டது யார் என்று ஒருவர் கேட்டார். "நான்தான்," என்றார் அவர். அதற்கு மேல் ஒரு விளக்கமும் கொடுக்கவில்லை.

பெரிய உலைக்கு அன்று ஒப்புதல் கிடைக்கவில்லை. கல் ஏன் வந்தது என்று கண்டுபிடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தலைவர் இரண்டு மாதம் என்னோடு கோப்பு மூலமாக மட்டுமே பேசினார். நிலையத்து ஆட்களும் சோர்ந்துபோனார்கள். அவர் மட்டும் மறுநாள் காலை உலையை ஆறவிட்டு, ஆள் நுழையும் துவாரம் வழியாக டார்ச் விளக்கோடு உள்ளே போனார்.

காரணம் அங்கே இருந்தது. உலையின் சூட்டைக் காட்டும் அளவி ஒன்றைச் சாம்பல் பூசி மூடியிருந்தது. போர்வைக்குள் இருந்துகொண்டு அது வெளியே இருப்பதைவிடக் குறைந்த சூட்டைக் காட்டியிருக்கிறது. அதை நம்பி இவர்கள் உலையைக் கூடுதலாகச் சூடாக்கியிருக்கிறார்கள். இதே இடத்தில் இதே அளவியை வைத்துத்தான் பெரிய உலைக்கு வரைபடம் தயாராக இருந்தது. அங்கே குழாய் அடைத்துக்கொண்டால், அழுத்தத்தில் இருக்கும் வாயு, அடைப்பை எடுக்கப் போகிற ஆளின் முகத்துக்குத்தான் வரும். அந்த வாயுவில் நிறமும் வாசனையும் இல்லாமல் ஆளைச் சாய்க்கிற விஷம் உண்டு. யாருக்கோ அது நடந்திருக்கலாம், நடக்காமலும் போயிருக்கலாம். நடந்திருந்தால் எல்லாம் சரி என்று சொன்ன தாளின் அடியில் என் கையெழுத்து இருந்திருக்கும். அதை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பத்து நாற்பது மணியை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

நேரிலும் ஒருமுறை நன்றி சொல்லிப் பார்த்தேன்.

"எனக்கு எதுக்கு? கல்லைத் தூரப் போடாம டப்பாவுல வச்சாருல்லா, அவருக்குச் சொல்லுங்க."

ஆபரேட்டருக்குத் தொலைபேசினேன். பொறுமையாகக் கேட்டார். "அச்சா சார், பரவாயில்ல," என்றார். பிறகு தயங்கி, "அந்த டப்பா மட்டும் திரும்பி வரல சார். வீட்டுல தினமும் கேக்குறா," என்றார். டப்பா குழுவின் அறையிலேயே எங்கோ போய்விட்டிருந்தது. சரோஜினி நகர் மார்க்கெட்டில் இரண்டு அடுக்கு டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்பினேன். கூட்டம் முடிந்ததும் நான் கையோடு எடுத்து வந்த கல் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

அளவியை இடம் மாற்றி, நீராவியின் அளவைத் திருத்தி, மறுபடி ஓட்டிக் காட்ட அவருக்கு இன்னும் இரண்டு குளிர்காலம் ஆனது. அப்புறம் அவர் கிழக்கே, சுரங்கங்களின் பக்கமே மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். கடிதம் எழுதுகிற வழக்கம் அவருக்கு இல்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை, செய்தி எதுவுமில்லாமல், ஏதாவது ஒரு சாம்பலின் படம் மட்டும் போனுக்கு வரும்.

சென்ற வாரம் என் மேசைக்கு ஒரு தடித்த தொகுப்பு வந்தது. கிழக்கே கட்டி முடித்த பெரிய உலைக்கான இயக்கக் கையேடு; பார்த்துச் சரி சொல்ல வேண்டுமாம். முதல் பக்கத்திலேயே சொல்விளக்கப் பட்டியல் இருந்தது. அகரவரிசைப்படி வந்திருக்க வேண்டிய ஒரு சொல், வரிசையை மீறி எல்லாவற்றுக்கும் மேலே தடித்த எழுத்தில் இருந்தது. கல்: உருகி இறுகிய சாம்பல் கட்டி. அதன் கீழே ஒரு குறிப்பு. இந்த நிலையத்தில் இச்சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. பதிவேட்டில் நேற்று, நாளை என்று எந்த மொழியிலும் எழுதக் கூடாது. தேதியை எழுதவும்.

அந்தப் பக்கத்தின் மேல் கல்லை வைத்துவிட்டு முழுக் கையேட்டையும் இரண்டு முறை படித்தேன். திருத்த ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்தில் 'சரிபார்த்தேன்' என்று அச்சிட்டு, கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது. பேனாவைத் திறந்தேன், மூடிவிட்டேன். படித்ததெல்லாம் தாளைத்தான். குழாயைப் பார்க்கவில்லை. பயண அனுமதிக்கு எழுதினேன். ரயில் கிடைத்ததும் அவருக்குச் செய்தி அனுப்பினேன்: "சாம்பல் குழாயைப் பார்க்க வருகிறேன். நாளை கிளம்புகிறேன்."

நான்கு நிமிடத்தில் பதில் வந்தது.

"நாளைன்னா என்னைக்கு? தேதியப் போடுங்க, சார்."

போட்டேன்.